கல்லின் நிறம்

மாமல்லபுரத்துப் பாறைக்கு என்ன நிறம்?

இந்தக் கேள்வியை நான் எந்தச் சரித்திர ஆராய்ச்சியாளரிடமும் கேட்கவில்லை. எந்தச் சிற்பியிடமும் கேட்கவில்லை. செங்கற்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, ரிமோட்டைக் கையில் வைத்திருந்த என் அக்கா மகனிடம் கேட்டேன். கேட்டது 2019-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 11-ஆம் தேதி சாயங்காலம். தேதி ஞாபகம் இருப்பதற்குக் காரணம் உண்டு. அன்றுதான் பிரதமர் நரேந்திர மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர்தான். ஆனாலும் அன்றைக்கு அந்த ஊருக்குள் நம்மைப் போன்றவர்களுக்கு இடம் ஏது? டெலிவிஷனில்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பிரதமர் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அர்ஜுனன் தபசுக்கு எதிரே நின்று அதிபருக்கு ஏதோ விளக்கிச் சொன்னார். எங்கள் பெட்டியில் அந்த வேட்டி, மடிப்பே இல்லாத வெள்ளைத் தகடு மாதிரி தெரிந்தது. பின்னால் இருந்த பாறையோ பித்தளைப் பாத்திரக் கடையில் விளக்குப் போட்டாற்போல் ஜொலித்தது. நூறு தடவையாவது அந்தப் பாறையின் முன் நின்றிருப்பேன். சின்ன வயதில் அதன் அடியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றிருக்கிறேன். அது பித்தளை நிறம் அல்ல.

"என்னடா நிறம் இது? கல் எங்கேடா இப்படி இருக்கு?" என்றேன்.

"ஆயாவுக்கு இப்படி வச்சாத்தான் தெரியுது, மாமா" என்றான் பையன்.

என் தாயாரைத்தான் சொன்னான். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் மாமல்லபுரத்தில். கல்யாணமாகிச் செங்கற்பட்டுக்கு வந்து ஐம்பது வருஷம் ஆகியும், "எங்க ஊரு" என்று அவர் சொன்னால் அது மாமல்லபுரம்தான். முழங்கால் வலி வந்த பிறகு ஊர்ப் பக்கம் போவது நின்றுபோயிற்று. அவருக்கு அந்த ஊர் இனிமேல் டெலிவிஷனில்தான் என்று நாங்கள் எல்லோருமே மனத்துக்குள் தீர்மானித்து விட்டிருந்தோம். அதனால்தான் அந்தப் பித்தளை நிறம் எனக்கு அவ்வளவு உறுத்தியது.

"பளிச்சுன்னுதானே இருக்கு? அப்படியே விடுப்பா" என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். வழக்கு முடிந்தது. ஆனால் டெலிவிஷன் பெட்டியில் நிறத்தைச் சரியாக வைப்பது எப்படி, யாருக்குச் சரியாக வைப்பது என்ற விசாரம் என்னை விடவில்லை. கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு விஷயம் அகப்பட்டால் பழைய காலத்துக்குப் போய்விடுவான். நானும் போனேன்.

சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதி. டில்லியில் 1959 செப்டம்பரிலேயே பரீட்சார்த்தமாக ஆரம்பித்துவிட்டார்கள். நமக்குப் பதினாறு வருஷம் பொறுக்க வேண்டியிருந்தது. எங்கள் பெரியப்பா எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கினார். மரத்தால் செய்த கூடு, இரண்டு பக்கமும் இழுத்து மூடும் கதவு, நான்கு கால்கள். பூஜை அலமாரியை விட அதற்கு மரியாதை அதிகம். தெருவில் அது இரண்டாவது பெட்டி. முதல் பெட்டி வைத்திருந்தவர் வீட்டுக்கும் எங்களுக்கும் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லை.

அந்தக் காலத்தில் "படத்தைச் சரி பண்ணுவது" என்றால் மொட்டை மாடிக்குப் போவது. சென்னை எங்களுக்கு வடகிழக்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். நடுவிலும் சுற்றிலும் குன்றுகள். ஆண்டெனாவை உயரமான குழாயில் கட்டி, ஒரு பூஸ்டரையும் மாட்டி, வடகிழக்குத் திசைக்குத் திருப்பி வைக்க வேண்டும். காற்று அடித்தால் அது திரும்பிவிடும். காக்கை உட்கார்ந்தாலும் திரும்பிவிடும். ஒருவர் மாடியில் குழாயைப் பிடித்துத் திருப்ப, ஒருவர் ஜன்னலோரம் நின்று செய்தி சொல்ல, ஒருவர் பெட்டியின் முன் உட்கார்ந்து பார்க்க, மூன்று பேர் வேலை அது. "வந்துதா?" "வரலை!" "இப்போ?" "வந்துது, வந்துது... போயிடுச்சு!" வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் எங்கள் தெருவில் எல்லா மாடிகளிலும் இந்தச் சம்பாஷணை கேட்கும்.

குன்றில் மோதித் திரும்பும் அலை கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். அதனால் செய்தி வாசிக்கிறவர் பக்கத்திலேயே அவரைப் போலவே மங்கலாக இன்னொருவர் நின்று வாசிப்பார். இரட்டைப் பிறவி என்று அவருக்குப் பெயர் வைத்திருந்தோம். மாமல்லபுரத்தில் இருந்த என் மாமா வீட்டில் குன்றுகளின் தொல்லை குறைவு. அங்கே வேறு அதிசயம். கோடைக்காலத்துச் சில இரவுகளில், கடலின் மேல் காற்று படிவதைப் பொறுத்து, எங்கோ தெற்கேயிருந்து இலங்கையின் ரூபவாஹினி கிடைத்துவிடும். அது 1982 பிப்ரவரியில் தொடங்கிய நிலையம். மாமா ஆண்டெனாவைத் தெற்கே திருப்பிக்கொண்டு, சிங்களச் செய்தியை ஒரு வார்த்தையும் புரியாமல் முழுக்கக் கேட்பார்.

பெட்டியின் முகத்தில் இருந்த திருகுகள் சிலதான். பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், வால்யூம். பின்பக்கம் இன்னும் இரண்டு; படம் மேலும் கீழும் உருள ஆரம்பித்தால் அவற்றைத் தொட வேண்டும். பெரியப்பாவைத் தவிர யாரும் தொடக்கூடாது. பிரைட்னஸ் என்பது வெளிச்சத்துக்கான திருகு என்று அவர் நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். நான் பிற்பாடு தெரிந்துகொண்டது வேறு. அந்தத் திருகு முக்கியமாகக் கறுப்புக்கானது. படத்தில் எது முழு இருட்டு என்று தீர்மானிப்பது அது. கான்ட்ராஸ்ட்தான் வெள்ளைக்கானது. முதலாவதை அதிகம் திருப்பினால் கறுப்புக் கூந்தல் சாம்பல் பூத்துவிடும். இரண்டாவதை அதிகம் திருப்பினால் வெள்ளை வேட்டியின் மடிப்பு மறைந்துபோகும். பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, உலகம் முழுவதையும் ஏமாற்றிவிட்டான்.

ஊரெல்லாம் வர்ணம் வர்ணம் என்று பேச்சு எழுந்தபோது, பெரியப்பா சென்னைக்குப் போய்ப் பாரிமுனை நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் தாள் வாங்கி வந்தார். அந்தத் தாளை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேலே நீலம், நடுவே இளஞ்சிவப்பு, கீழே பச்சை. கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முன்னால் அதை மாட்டிவிட்டால் வர்ணப் பெட்டி! வானம் நீலம், முகம் சிவப்பு, புல் பச்சை என்பது அதைச் செய்தவனுடைய கணக்கு. வயலும் வாழ்வும் நிகழ்ச்சியில் அந்தக் கணக்கு ஓரளவுக்குச் சரியாக வரும். மற்றபடி கதாநாயகிக்கு நெற்றி நீலம், கழுத்து பச்சை. நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் வர்ணம் என்று நம்பினோம்.

ஒரே ஒரு நாள் பெரியப்பா அந்தத் தாளைத் தாமாகக் கழற்றினார். 1984 நவம்பர் 3-ஆம் தேதி, இந்திரா காந்தி அம்மையாரின் இறுதி ஊர்வலத்தைக் காட்டிய நாள். கூடத்திலும் திண்ணையிலும் தெருவே உட்கார்ந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்த் தாளை எடுத்துச் சுருட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஏன் என்று கேட்கும் வயது எனக்கு இல்லை; கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். மறுநாள் தாளை மறுபடியும் மாட்டிவிட்டார்.

நிஜமான வர்ணம் இந்தியாவுக்கு வந்தது 1982-ல். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 சுதந்திர தின விழாவும், நவம்பரில் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டும் வர்ணத்தில் ஒளிபரப்பாயின. இதில் நம் நாட்டுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் 1953-லேயே வர்ண ஒளிபரப்புக்கு ஒரு முறையை வகுத்துவிட்டார்கள். என்.டி.எஸ்.சி. என்று அதற்குப் பெயர். முதலில் செய்தவர்களுக்கே உரிய சங்கடம் அவர்களுக்கும் நேர்ந்தது. அந்த முறையில் நிறம் இன்னது என்பது அலையின் நுட்பமான ஒரு காலக் கணக்கில் அடங்கியிருக்கிறது. வழியில் அந்தக் கணக்கு இம்மியளவு பிசகினால், சிவந்த முகம் மஞ்சளாகும், அல்லது ஊதாவாகும். ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்கு மாற்றினாலே மனிதர்களின் மேனி நிறம் மாறும். ஆகவே அமெரிக்கப் பெட்டிகளில் சாயலைத் திருத்துவதற்கென்றே தனித் திருகு வைத்தார்கள். வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் மனிதர்களை மனித நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். என்.டி.எஸ்.சி. என்ற எழுத்துகளுக்கு, 'இரண்டு தடவை ஒரே நிறம் வராது' என்று அந்நாட்டு எஞ்சினியர்களே வேடிக்கையாக விரிவு சொன்னார்கள்.

ஜெர்மனியில் டெலிஃபுங்கன் கம்பெனியில் இருந்த வால்டர் புரூக் என்ற எஞ்சினியர் இதற்கு ஒரு யுக்தி கண்டார். மளிகைக்கடையில் தராசு சரியில்லை என்று சந்தேகம் வந்தால் நம் பாட்டிமார்கள் என்ன செய்வார்கள்? தட்டுகளை மாற்றி வைத்து இன்னொரு தடவை நிறுக்கச் சொல்வார்கள். ஒரு தடவை கூடினது மறு தடவை குறையும். நடுவே இருப்பது உண்மை எடை. புரூக் செய்ததும் அதேதான். படத்தில் ஒரு வரி விட்டு ஒரு வரி, நிறக் கணக்கின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி அனுப்பினார். வழியில் பிசகு நேர்ந்தால் ஒரு வரியில் இந்தப் பக்கமும் அடுத்த வரியில் அந்தப் பக்கமும் சாயும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பிசகு அடிபட்டுப் போகும். நிறம் கொஞ்சம் வெளுக்கலாம், ஆனால் மாறாது. இந்த முறைக்குப் 'பால்' என்று பெயர். புரூக் முறை என்றே ஏன் பெயர் வைக்கவில்லை என்று அவரைக் கேட்டார்களாம். அவருடைய மொழியில் 'புரூக்' என்றால் உடைசல் என்று பொருள். உடைசல் முறையை யார் வாங்குவார்கள் என்றாராம். 1967-ல் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. பதினைந்து வருஷம் கழித்து இந்தியா எடுத்துக்கொண்டதும் இதைத்தான். எங்கள் தெருவில் பின்னால் வந்த வர்ணப் பெட்டிகளில் சாயல் திருகு என்று ஒன்றை நான் பார்த்த ஞாபகமே இல்லை. அதைத் திருப்புகிற தலைவலி இல்லாமலே நம் தலைமுறை பிழைத்தது.

நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் திரையில் வர்ணப் பட்டைகள் நிற்குமே, அவையும் அலங்காரத்துக்கு அல்ல. வெள்ளை, மஞ்சள், இளநீலம், பச்சை, கத்தரிப்பூ நிறம், சிவப்பு, நீலம் என்று இடமிருந்து வலமாக, வெளிச்சம் குறைந்துகொண்டே போகும் வரிசை அது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனிக்காரர்கள் இப்படிப் பட்டைகளை உண்டாக்கினார்கள். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. வெள்ளை, இளநீலம், கத்தரிப்பூ நிறம், நீலம் ஆகிய நான்கு பட்டைகளிலும் நீலத்தின் அளவு ஒன்றே. ஆகையால் ஆழ்ந்த நீலக் கண்ணாடித் தாளைக் கண்ணுக்கு முன் பிடித்துக்கொண்டு பார்த்தால் அந்த நான்கும் ஒரே வெளிச்சமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், தெரிகிற வரையில் கலர் திருகைத் திருப்ப வேண்டும். கருவி வேண்டாம், கணக்கு வேண்டாம். பெரியப்பாவின் பாரிமுனைத் தாளில் மேல் பகுதியை மட்டும் வெட்டி வைத்திருந்தால் கொஞ்சம் உபயோகப்பட்டிருக்கும்.

இவ்வளவு ஏற்பாடும் இருந்தும் எங்கள் வீட்டுப் பாறை ஏன் பித்தளையாயிற்று? அதற்குக் காரணம் கடை. டெலிவிஷன் கடைக்குப் போய்ப் பாருங்கள். குழல் விளக்கு வெளிச்சம் கண்ணைப் பறிக்கிற கூடத்தில் முப்பது பெட்டிகள் வரிசையாக எரிந்துகொண்டிருக்கும். அதில் அடக்கமாக, சரியான நிறத்தில் இருக்கும் பெட்டியை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? கல்யாணச் சந்தையில் அதிகப் பவுடர் பூசிய பெண்ணுக்கு மவுசு என்பார்களே, அந்தக் கதை. அதற்காகவே 'விவிட்' என்று ஒரு வேஷத்தை உள்ளே வைத்திருக்கிறார்கள். நிறமெல்லாம் மிகுதி, வெள்ளையில் நீலம் கலந்திருக்கும், ஓரங்கள் கூர்மையாகக் கீறினாற்போல் இருக்கும். கடைக்கு ஏற்ற அந்த வேஷம் வீட்டுக்கு வந்த பிறகும் பல வீடுகளில் கலைவதில்லை.

வெள்ளை என்பதற்கே உலகத்தார் கூடி ஓர் அளவு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு வெகு காலம் தெரியாது. சர்வதேச ஒளியியல் சங்கம் 1931-ல் மனிதக் கண் நிறங்களை எப்படி உணர்கிறது என்று முதல் அளவுகோலை வகுத்தது. பிற்பாடு நடுப்பகல் வெளிச்சத்துக்கு டி65 என்று ஓர் அளவு வந்தது. டெலிவிஷன் படம் எடுக்கிறவர்களும் திருத்துகிறவர்களும் வெள்ளை என்று வைத்துக்கொள்வது அதைத்தான். நம் பெட்டியில் அதற்கு மிக நெருங்கி வருவது, பெரும்பாலும் 'வார்ம்' என்று எழுதியிருக்கும் அமைப்பு. முதலில் பார்க்கிறவர்களுக்கு அது மஞ்சளாகத் தோன்றும். இரண்டு நாள் பொறுத்தால் பழைய அமைப்புத்தான் நீலம் என்று தெரியும். 2018 டிசம்பரில் ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸ், படத்தை வழவழவென்று ஓடச் செய்யும் ஓர் அமைப்பைத் தயவுசெய்து நிறுத்திவிட்டுச் சினிமா பாருங்கள் என்று வேண்டிக்கொண்டு ஒரு காட்சி வெளியிட்டார். மறு வருஷம் டைரக்டர்கள் பலர் ஆதரவோடு 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்ற அமைப்பும் வந்தது. நான் எழுதிய கதையில் அச்சாபீஸில் இருப்பவர் தம் விருப்பத்துக்குச் சில பெயரெச்சங்களைச் சேர்த்தால் எனக்கு எப்படி இருக்கும்? அவர்கள் வருத்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

டெலிவிஷன் நேற்று வந்தது. ஆனால் மாமல்லபுரத்துப் பாறையை வேறோர் இடத்தில் இருப்பவனுக்கு நிறத்தோடு காட்ட வேண்டும் என்ற ஆசைக்கு இருநூறு வயதுக்கு மேல் ஆகிறது. தாமஸ் டானியல் என்ற ஆங்கில ஓவியரும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் 1792-லும் 1793-லும் தென்னாட்டில் பிரயாணம் செய்தார்கள். சித்தப்பாவும் மகனும் நம் கடற்கரைக்கு வந்து சிற்பப் பாறைகளைப் பார்த்து வரைந்தார்கள். உருவம் பிசகாமல் இருக்க இருட்டுப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு கோடு இழுத்தார்கள். லண்டனுக்குத் திரும்பி, 1795 முதல் 1808 வரை 144 படங்களாக வெளியிட்டார்கள். செப்புத் தகட்டில் அச்சடித்து, ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வர்ணம் பூசிய படங்கள் அவை.

கையால் பூசினால் என்ன ஆகும்? ஒரு பிரதிபோல் ஒரு பிரதி இராது. லண்டன் மூடுபனியில் உட்கார்ந்துகொண்டு தூரிகை பிடித்தவர் எல்லோரும் நம் ஊர் வெயிலைப் பார்த்தவர்களா? பிரதிகள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். உருவத்தில் குறை சொல்ல முடியாது. வெயில்தான் கொஞ்சம் தணிந்த வெயில். பாறையும் கொஞ்சம் வெண்ணெய் தடவின பாறை. இரண்டு தடவை ஒரே நிறம் வராத சங்கடம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

இந்தச் சரித்திரமெல்லாம் படித்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு விஷயம் மட்டும் தோன்றவே இல்லை. பெட்டியைச் சரி செய்தால் போதுமா, கண் என்று ஒன்று இருக்கிறதே!

2021-ல் அம்மாவுக்கு வலது கண்ணில் கண்புரை அறுவை நடந்தது. கட்டை அவிழ்த்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், வாசலில் காய்ந்த என் வேட்டியைப் பார்த்து, "யாருப்பா இவ்வளவு நீலம் போட்டது?" என்றார். யாரும் நீலம் போடவில்லை. பிறகு இடக்கண்ணை மூடிப் பார்த்தார். வலக்கண்ணை மூடிப் பார்த்தார். "இந்தக் கண்ணுல பழுப்பு, இந்தக் கண்ணுல வெள்ளை. எது நெசம்?" என்றார்.

வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை பழுத்து மஞ்சளாகிறது. மஞ்சள் கண்ணாடி நீலத்தைத் தடுத்துவிடும். ஆனால் அது வருஷக்கணக்கில் மெள்ள மெள்ள நேருவதால் நமக்குத் தெரிவதில்லை. அறுவையில் பழைய வில்லையை எடுத்துத் தெளிந்த வில்லையை வைத்ததும், தடைபட்டிருந்த நீலம் எல்லாம் மடை திறந்தாற்போல் உள்ளே வருகிறது. பிரெஞ்சு ஓவியர் மோனேக்கு இதுதான் நடந்தது. புரை முற்றிய காலத்தில் அவருடைய தோட்டத்துப் படங்கள் சிவப்பும் பழுப்புமாக எரிந்தன. 1923-ல் வலது கண்ணில் அறுவை செய்துகொண்ட பிறகு எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று தவித்தார். இடது கண்ணை அவர் கடைசி வரையில் தொடவிடவில்லை. எந்தக் கண்ணை நம்பி வரைவது என்பது அவ்வளவு பெரிய கலைஞருக்கே பிரச்னையாயிற்று. நம்முடைய சர் சி.வி. ராமன் 1921-ல் கப்பலில் போகும்போது கடலின் நீலத்தில் மனத்தைப் பறிகொடுத்து ஆராய்ச்சியில் இறங்கியதை எல்லோரும் அறிவோம். அவர் தம் எண்பதாவது வயதை நெருங்கிய சமயத்தில், 1968-ல், மனிதக் கண் நிறம் காண்பதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அம்மாவைப் பார்த்த எனக்கு வெட்கமாக இருந்தது. 2019-ல் பையன் செய்ததுதான் நியாயம். மஞ்சள் திரை போட்ட கண்ணுக்கு அந்த நீலமும் அந்தப் பளபளப்பும் வேண்டியிருந்தன. நான் என் கண்ணை வைத்துக்கொண்டு அவர் ஊரைத் திருத்தப் பார்த்தேன்.

இரண்டாவது கண்ணும் ஆகி, சொட்டு மருந்தெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் ராத்திரி மூவரும் பெட்டியின் முன் உட்கார்ந்தோம். பையன் யூ டியூபில் அதே 2019 அக்டோபர் காட்சியைத் தேடி எடுத்தான். படம் வந்ததும் அம்மா, "ஐயோ, என்ன இது கோரம்! பாறைக்குப் பித்தளை முலாம் பூசிட்டாங்களா?" என்றார். பையன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

விவிட்டை மாற்றிச் சினிமா அமைப்பில் வைத்தோம். வெள்ளையை வார்முக்குக் கொண்டுவந்தோம். ஷார்ப்னஸை ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறக்கியதும், சிற்பங்களைச் சுற்றி ஓடிய வெள்ளைக் கீற்று மறைந்தது. பிரதமரின் வேட்டியில் மடிப்பு ஒவ்வொன்றாகத் தெரிகிற வரையில் கான்ட்ராஸ்டைக் குறைத்தோம். பாறைப் பிளவின் இருட்டில் கை கூப்பி நிற்கும் நாகர்கள் தெரியவும் வேண்டும், இருட்டு இருட்டாகவும் இருக்க வேண்டும் என்று பிரைட்னஸை வைத்தோம். நிறத்துக்குப் பட்டைகளைப் போட்டு, பரிசுப் பொருள் சுற்றி வந்த நீலக் கண்ணாடித் தாளை நாலாக மடித்துக் கண்ணில் பிடித்துக்கொண்டேன். பையன் சிரித்துக்கொண்டே எண்களை இறக்கினான். பிறகு மறுபடியும் பாறையைப் போட்டோம்.

அம்மா வெகுநேரம் பார்த்தார். "இப்போ கல்லு மாதிரி இருக்கு" என்றார். "சாம்பல்ல கொஞ்சம் செம்மண் கலந்தாப்பல. சின்னப் புள்ளையில அந்த யானை பக்கத்துல நின்னு எங்கப்பா வர்ற வழியைப் பார்த்துக்கிட்டு இருப்பேன். அந்த நிறந்தான்."

நான் ஜெயித்துவிட்ட மகிழ்ச்சியில் இருந்தேன். பையன் விடவில்லை. "மாமா, நீங்கதானே சொன்னீங்க, பல்லவ ராஜாங்க சிற்பத்துக்கெல்லாம் சுதை பூசிக் கலர் அடிச்சிருக்காங்கன்னு? அப்போ நெசமான செட்டிங் விவிட்தானே?"

எனக்குப் பதில் வரவில்லை. அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. மகேந்திரவர்மனுக்குச் சித்திரகாரப்புலி என்று ஒரு பட்டம் உண்டு. அவன் வம்சத்தில் வந்த ராஜசிம்மன் கட்டிய காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில், சுதையின் மேல் தீட்டிய பல்லவ ஓவியங்களின் மிச்சத்தை 1931-ல் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் கண்டுபிடித்தார். மாமல்லபுரத்திலும் சில இடங்களில் வர்ணத்தின் சுவடுகளை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். கல்கி தம்முடைய 'சிவகாமியின் சபத'த்தில் ஆயனச் சிற்பியை அஜந்தா வர்ணத்தின் இரகசியத்துக்காக ஏங்க வைத்தது சும்மா அல்ல. ஆயிரத்து முந்நூறு வருஷத்து மழையும் உப்புக் காற்றும் வர்ணத்தைத் தின்றுவிட்டுக் கல்லை மட்டும் மிச்சம் வைத்திருக்கின்றன. உப்பு அந்தக் கல்லையும் விட்டபாடில்லை. கடற்கரைக் கோயில் சுவர்களில் காகிதக் கூழை அப்பி உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள் தொல்பொருள் இலாகாவினர். டானியல் சித்தப்பாவும் நானும் பார்த்தது, வேஷம் கலைந்து நிற்கும் நடிகனை.

"ராஜாங்க வேணும்னா அவங்க வீட்டு டி.வி.யில அப்படி வச்சுக்கட்டும்" என்றார் அம்மா. "எனக்கு நான் பார்த்தது போதும்."

மார்கழி கழிந்து தை பிறந்ததும் அவரே, "ஒரு நாள் கூட்டிக்கிட்டுப் போப்பா, முழங்கால் கிடக்கு" என்றார். திருக்கழுக்குன்றம் வழியாகக் காரில் போனோம். காலை ஏழு மணி இருக்கும். அர்ஜுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறை. கடல் பக்கத்திலிருந்து வெயில் நேராக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. யானைக்கு எதிரே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றார். இரண்டு கண்களையும் மாற்றி மாற்றி மூடிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இன்னும் போகவில்லை.

"டி.வி.யில சிவப்பு ஒரு புள்ளி கம்மியா வச்சிருக்கீங்க" என்றார்.

அந்தக் காட்சி சாயங்காலம் நிழலில் எடுத்தது, இது காலை வெயில் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் பையன் ரிமோட்டை எடுத்து ஒரு புள்ளி ஏற்றி வைத்தான்.